பிள்ளைகளுக்கு எது பெரிய ஆபத்து? எங்கள் பக்கத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு நாலைந்து தாய்மார்கள் மட்டும் நின்றுவிடுவார்கள். உண்மையான கேள்விகள் அப்போதுதான் வரும். பிள்ளை பிடிக்கிறவர், கிணறு, நாய், ஹெல்மெட் என்று வருடா வருடம் அதே சந்தேகங்கள். அரசும் ஆய்வாளர்களும் வெளியிட்ட கணக்குகளைப் பார்த்து நான் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

டீச்சர், இந்தக் கணக்கெல்லாம் யாரு எடுக்கறாங்க? நம்பலாமா?

முக்கியமாக நான்கு இடங்களிலிருந்து வருகிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருடந்தோறும் போடும் அறிக்கைகளில் நமக்கு வேண்டியவை இரண்டு: ஒன்று குற்றங்கள் பற்றி, இன்னொன்று விபத்துச் சாவுகளும் தற்கொலைகளும் பற்றி. சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சாலை விபத்துகளுக்குத் தனி அறிக்கை தருகிறது. தேசிய குடும்ப நல ஆய்வு வீடு வீடாகப் போய்க் கேட்டு எடுப்பது. பச்சைக் குழந்தைகளின் இறப்பு விகிதம் மாதிரிப் பதிவுத் திட்டத்திலிருந்து வருகிறது. எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

நம்பலாம். ஆனால் எப்படி எடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும். போலீஸ் கணக்கில் ஒரு சம்பவம் ஏற வேண்டுமானால், யாராவது ஸ்டேஷன் படியேறிச் சொல்லியிருக்க வேண்டும். வீடு வீடாகக் கேட்கும் ஆய்வில் அந்தத் தேவை இல்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்களில் திரும்ப வரும்.

அப்ப புள்ளைங்க எதுல அதிகமா சாகறாங்க? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

வயதைச் சொல்லாமல் ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. ஒரு வயதுக்குள் என்றால் குறைப்பிரசவம், எடைக்குறைவு, பிரசவ நேரச் சிக்கல், தொற்று. 2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 13 முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. நாடு முழுவதும் எடுத்தால் 28. வெளியே நடக்கும் எந்த விபத்தும் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வராது. அதனால் கைக்குழந்தைக்காரிக்கு நான் சொல்லும் முதல் பாதுகாப்பு, செவிலியர் வரச் சொன்ன நாளில் தவறாமல் போவது.

நடக்க ஆரம்பித்த பிறகு தண்ணீர் முன்னுக்கு வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளின் சாவுக்குக் காரணங்களில் மூழ்குவது நான்காவது, 5 முதல் 14 வயதில் மூன்றாவது. பதின்ம வயதில் சாலையும், நாம் பேசத் தயங்கும் தற்கொலையும். இந்த வரிசையில் பிள்ளை பிடிக்கிறவர் எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி.

புள்ள புடிக்கிறவங்க வடநாட்டுல இருந்து எறங்கியிருக்காங்கன்னு வாட்ஸ்அப்ல வருதே, நிஜமா?

2018இல் இதே செய்தி வந்தது. 2024 தொடக்கத்தில் மறுபடியும் வந்தது. வார்த்தைகூட பெரிதாக மாறவில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம் ஒன்று நின்று வழி கேட்டது. அதில் ஒரு வயதான அம்மா அங்கே விளையாடிய பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஊர் கூடி அடித்ததில் அந்த அம்மா செத்துப்போனார். அந்த வதந்தியால் எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளைகூடக் காணாமல் போகவில்லை. செத்தது பேரப்பிள்ளை எடுத்த ஒரு பெண்மணி.

அந்த வாரம் எங்கள் பள்ளிக்குப் பக்கத்து ஊரில் தலைமுடி வாங்க வந்த ஒருவரைப் பிடித்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் போனபோது, அவர் பையிலிருந்த முடிக்கற்றைகளையும் மாற்றுக்குக் கொண்டுவந்த பிளாஸ்டிக் டப்பாக்களையும் தரையில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. வருடா வருடம் வருகிறவர்தான், முகம் எல்லோருக்கும் தெரியும். நல்லவேளை, ஒரு பாட்டி அவரை அடையாளம் சொன்னார். செய்தி வந்தால் மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் அவசர உதவிக்கான 112க்கோ குழந்தைகள் உதவிக்கான 1098க்கோ கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஆனா வருஷத்துக்கு எழுபதாயிரம் புள்ளைங்க கடத்தல்னு பேப்பர்லயே போட்டிருக்கே?

போட்டிருப்பது உண்மை. 2022இல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு எதிராக 1,62,449 வழக்குகள் பதிவாயின, அதில் 45.7 சதவீதம் கடத்தல். கணக்குப் போட்டால் சுமார் 74 ஆயிரம். ஆனால் அந்தத் தலைப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. பிள்ளையைக் காணவில்லை என்று யார் வந்து சொன்னாலும், கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு எஃப்ஐஆர் போட வேண்டும் என்று. மிக நல்ல உத்தரவு. முன்பெல்லாம் ‘எங்காவது போயிருக்கும், வந்துரும்’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்போது கோபித்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போன பையனும், காதலித்தவனோடு போன 17 வயதுப் பெண்ணும், அப்பா அம்மா பிரிந்த பிறகு அப்பா தூக்கிக்கொண்டு போன பிள்ளையும் இதே தலைப்பில் வருகிறார்கள். உண்மையாகவே கடத்தி விற்கப்பட்ட பிள்ளைகளும் அதற்குள் இருக்கிறார்கள்.

2022இல் காணாமல் போனதாகப் பதிவானவர்கள் 83,350. அதில் 62,946 பேர் பெண்பிள்ளைகள், அதாவது நாலில் மூன்று பங்கு. அதே வருடம் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் (முந்தைய வருடங்களில் காணாமல் போனவர்களும் இதில் இருக்கலாம்) 80,561. இந்த எண்கள் வீட்டுக்கு உள்ளே நடப்பதைப் பற்றி நிறையச் சொல்கின்றன. சாக்குப்பை ஆளைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்தான்.

பக்கத்துலதானே போறோம், இதுக்குப் போய் புள்ளைக்கு ஹெல்மெட்டா?

காலை எட்டே முக்காலுக்கு எங்கள் பள்ளி வாசலில் நின்று பாருங்கள். அப்பா ஓட்டுவார். சின்னவன் பெட்ரோல் டேங்க் மேல், கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. பெரியவள் பின்னால், அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இரண்டு புத்தகப்பை. ஹெல்மெட் ஒன்று உண்டு, அது அப்பாவின் முழங்கையில் தொங்கும், போலீஸ் நிற்கும் முனையில் தலைக்கு ஏறும். சடாரென்று பிரேக் அடித்தால் முதலில் ஸ்பீடோமீட்டரில் மோதுவது சின்னவனின் நெற்றி.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 9,528 பேர் 18 வயதுக்குக் கீழ். நாளுக்கு 26 பிள்ளைகள். அந்த வருடம் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில், 64,105. இறந்தவர்கள் 17,884, இதில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். மொத்தச் சாவில் 44.5 சதவீதம் டூவீலரில் போனவர்கள். ஹெல்மெட் போட்டால் சாகும் வாய்ப்பு சுமார் 42 சதவீதமும் தலைக்காயம் சுமார் 69 சதவீதமும் குறைகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்டது.

பக்கத்தில்தான் என்கிறீர்கள். பள்ளிக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை, வருடத்துக்கு நானூறு தடவைக்கு மேல். திருப்பதிக்கு வருடத்தில் ஒரு முறை போகும்போது எடுக்கும் கவனத்தை இந்த நானூறு தடவையில் எடுப்பதில்லை. சட்டமும் 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கேட்கிறது. 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள பிள்ளைக்கு ஓட்டுபவரோடு பிணைக்கும் பெல்ட்டும் சின்ன ஹெல்மெட்டும் வேண்டும், வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரி 15 முதல் அமலில் இருக்கிறது. தருமபுரியில் பிள்ளைகள் அளவு ஹெல்மெட் கடைக்காரரைக் கேட்டால் வாங்கித் தருவார். பெரியவர்கள் அளவைப் பிள்ளைக்கு மாட்டாதீர்கள், விழும்போது கழன்றுவிடும்.

லட்சத்துல ரெண்டு பேர்னா நமக்கு வராதுன்னுதானே அர்த்தம்?

ஒரு அம்மா விவரமாகக் கேட்டார். இந்தியாவில் 18 வயதுக்குக் கீழ் சுமார் 44 கோடிப் பேர். 9,528ஐ அதால் வகுத்தால் லட்சத்துக்கு இரண்டுக்குச் சற்று மேல் வருகிறது. அது ஒரு வருடத்துக்கு. உங்கள் பிள்ளை 18 வருடம் பிள்ளையாக இருக்கிறான். பதினெட்டால் பெருக்கினால் லட்சத்துக்கு 38 அல்லது 39. அதாவது சுமார் 2,600 பிள்ளைகளில் ஒருவர். பென்னாகரம் வட்டாரத்தில் மூன்று நான்கு மேல்நிலைப் பள்ளிகளைச் சேர்த்தால் அத்தனை பேர் வந்துவிடுவார்கள்.

இது நாட்டுச் சராசரி. மக்கள்தொகைக்கு எத்தனை சாலைச்சாவு என்று பார்த்தால் தமிழ்நாடு சராசரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதோடு நம் மாவட்டத்தின் நடுவே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை போகிறது, தொப்பூர் கணவாயும் அதில்தான் இருக்கிறது.

ஸ்கூல் பஸ்ஸு நல்லதா, நாமளே வண்டியில விடறது நல்லதா?

பஸ். சந்தேகமே வேண்டாம். பஸ் விபத்து தலைப்புச் செய்தியாகிறது, டூவீலர் விபத்து ஆறாம் பக்கத்தில் இரண்டு வரியாகிறது, அதனால்தான் தலைகீழாகத் தோன்றுகிறது. 2012இல் சென்னை சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பஸ் தரையில் இருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்றே தனி விதிகள் வந்தன. பஸ்ஸில் ஆபத்து பெரும்பாலும் ஏறி இறங்கும் நேரத்தில். இறங்கிய பிள்ளை பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே ஓடினால் டிரைவருக்குத் தெரியாது. அந்த ஒரு நிமிடம் யாராவது பெரியவர் கையைப் பிடித்தால் போதும். சரக்கு வண்டியில் ஏற்றி அனுப்புவதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் செய்யாதீர்கள், காதுகுத்துக்குப் போவதாக இருந்தாலும்.

பையனுக்குப் பதினாறு ஆவுது, நல்லா ஓட்டறான், கடைக்கு மட்டும் எடுத்துட்டுப் போறான். தப்பா?

தப்பு. 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை வண்டி வைத்திருப்பவருக்கும் பெற்றோருக்கும்தான்: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. 16 வயதில் 50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு மட்டுமே லைசென்ஸ் தருவார்கள், உங்கள் வீட்டில் நிற்பது அது இல்லை.

கெணத்துல வுழுந்து சாவறது அந்தக் காலம். இப்ப யாரு கெணத்துக்குப் போறா?

2022இல் நாடு முழுவதும் நீரில் மூழ்கி இறந்தவர்களாகப் பதிவானது 38,503 பேர், எல்லா வயதும் சேர்த்து. உலக அளவில் மூழ்கிச் சாகிறவர்களில் 24 சதவீதம் 5 வயதுக்கு உட்பட்டவர்கள், இன்னும் 19 சதவீதம் 5 முதல் 14 வயது வரை. நூற்றுக்கு நாற்பத்துமூன்று பேர் பிள்ளைகள். சாலைக்கணக்கில் பிள்ளைகளின் பங்கு நூற்றுக்கு ஆறுகூட இல்லை. தண்ணீர் என்பது பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கும் ஆபத்து.

கிணறு குறைந்திருக்கலாம், தண்ணீர் குழிகள் கூடியிருக்கின்றன. கிருஷ்ணகிரிப் பக்கம் வேலை முடிந்து கைவிட்ட கல்குவாரிகளில் மழைநீர் தேங்கி நிற்கிறது. நான்கு பக்கமும் செங்குத்துப் பாறை, கால் வைக்கப் படி இல்லை. தோட்டங்களில் பண்ணைக்குட்டை வெட்டி அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கிறார்கள். விவசாயத்துக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் ஒரு தடவை கையை வைத்து அந்த ஷீட்டைத் தடவிப் பாருங்கள். பாசி பிடித்து எண்ணெய் பூசியதுபோல் இருக்கும். இடுப்பளவு தண்ணீரில் விழுந்தவர்கூட அந்தச் சரிவில் ஏறி வர முடியாது. குட்டைக்குச் சுற்றிலும் வேலி, நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு, மிதக்க ஒரு பழைய டியூப். இவ்வளவுதான் செலவு.

தண்ணீரில் சாவு ஒன்றோடு நிற்பதில்லை. ஒரு பிள்ளை தத்தளிக்க, அண்ணன் குதிக்கிறான், அவனைக் காப்பாற்ற அம்மா குதிக்கிறாள். நீச்சல் தெரியாதவர் குதிக்கவே கூடாது. புடவை, துப்பட்டா, கயிறு, மூடிபோட்ட காலி கேன், எது கையில் கிடைக்கிறதோ அதை வீசச் சொல்லிக் கொடுங்கள். எங்கள் அப்பா காலத்தில் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கி எல்லோருக்கும் நீச்சல் பழக்கினார்கள். அது நின்றுபோனது பெரிய நஷ்டம் என்றே நினைக்கிறேன். சித்திரை, வைகாசி விடுமுறையில் பெரியவர் கூட நின்று பழக்கினால் ஆயுசுக்கும் உதவும்.

டிவில காட்டற ஆழ்துளைக் கெணறுதானே பெரிய ஆபத்து?

2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பையன் விழுந்தபோது தீபாவளியையும் விட்டுவிட்டு நாமெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். நானும் அழுதேன். மீட்பு நாள்கணக்கில் நடந்ததால் அந்தச் சாவை நாடே பார்த்தது. சாதாரணக் கிணற்றிலும் குட்டையிலும் மூழ்குவது சில நிமிடங்களில் சத்தமில்லாமல் முடிந்துவிடுகிறது, கேமரா வருவதற்குள் அடக்கமும் முடிந்துவிடும். நாம் எதை அதிகம் பார்த்தோமோ அதுவே அதிகம் நடப்பதாக மனசு எடுத்துக்கொள்கிறது. இருந்தாலும் கைவிட்ட ஆழ்துளைக் குழி ஒன்று உங்கள் நிலத்தில் இருந்தால் இன்றைக்கே மூடிவிடுங்கள். மூடாமல் விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லிவிட்டது.

பாம்பு, நாய் இதெல்லாம் கணக்குல வருமா?

வரும், ஆனால் எந்தக் கணக்கு என்று கேட்க வேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருப்பார்கள் என்பது வீடு வீடாக இறப்புக் காரணம் கேட்டு எடுத்த ஆய்வின் மதிப்பீடு. போலீஸ் கணக்கில் இதில் ஒரு சிறு பங்குதான் ஏறுகிறது. முதல் பதிலில் சொன்ன ஸ்டேஷன் படி இதுதான். தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்திருப்பதால் இனி கணக்கு தெளிவாகும். கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், பிள்ளையை நடக்க விடாமல் 108.

நாய்க்கடி வேறு மாதிரி. ரேபிஸால் இந்தியாவில் ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 பேர் இறப்பதாக நீண்டகாலம் சொல்லப்பட்டது, சமீபத்திய ஆய்வின் மதிப்பீடு 5,726. எண் எதுவானாலும், தடுப்பூசியை நேரத்தோடு போட்டால் தடுக்கலாம், அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். அடி விழும் என்று பயந்து கடிபட்டதைச் சொல்லாமல் மறைக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். திட்ட மாட்டோம் என்ற நம்பிக்கையை முதலில் கொடுங்கள். கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள்.

ரோட்டுலதான் சாவு அதிகம்னா, எங்க அஞ்செட்டிப் பக்கம் யானைக்குப் பயப்பட வேணாமா?

என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர்க்காரர் கேட்டது. நியாயமான கேள்வி. நாடு முழுவதும் யானை தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்குச் சுமார் 500 பேர், சாலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய எண். ஆனால் அந்த 500ஐ 140 கோடிப் பேருக்குப் பங்குபோடக் கூடாது. சென்னைப் பிள்ளைக்கு யானை ஆபத்து பூஜ்யம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை காட்டோரம் இருட்டு விலகுமுன் நடந்து பஸ் பிடிக்கும் பிள்ளைக்கு அது அன்றாட ஆபத்து. சராசரி என்பது எல்லோருடைய கணக்கையும் கலக்கிக் கொடுப்பது. உங்கள் வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதை நீங்கள்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுப் பக்கத்து வீட்டுக்கும் இதே கணக்குத்தான்.

பொம்பளப் புள்ளைய வெளிய அனுப்பவே பயமா இருக்கு டீச்சர். வீட்டுலயே வெச்சுக்கட்டுமா?

இந்தக் கேள்விக்கு மெதுவாகத்தான் பதில் சொல்வேன். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த போக்சோ சட்டத்தின் மிகக் கடுமையான பிரிவுகளில் பதிவாகும் வழக்குகளில் நூற்றுக்கு 95க்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர், சொல்லிக்கொடுப்பவர். காதலித்துப் போய்விட்ட பதின்ம வயதினர் வழக்குகளும் இந்த எண்ணில் கணிசமாக இருக்கின்றன. அதைக் கழித்துப் பார்த்தாலும் ஆபத்து முன்பின் தெரியாதவரிடமிருந்து வருவது அபூர்வம் என்பது மாறாது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் போலி என்சிசி முகாம் நடத்தி மாணவிகளிடம் அத்துமீறியதாகக் கைதானவரும், பயிற்சியாளர் என்ற பெயரோடு பள்ளிக்குள் வந்தவர்தான்.

அதனால் வீட்டில் வைத்துக்கொள்வது தீர்வாகாது. ‘மாமா சொன்னா கேக்கணும்’ என்று பழக்கியே நாம் பிள்ளையின் வாயைக் கட்டிவிடுகிறோம். யாராக இருந்தாலும் தொடுவது பிடிக்கவில்லை என்றால் கத்தலாம், ஓடலாம், வந்து அம்மாவிடம் சொல்லலாம் என்று ஆண்பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்னால் முதலில் நம்புங்கள். தெரிந்தும் போலீஸிடம் சொல்லாமல் மூடிமறைப்பது போக்சோவில் குற்றம், அது தலைமை ஆசிரியருக்கும் பொருந்தும், தாத்தாவுக்கும் பொருந்தும்.

வழக்கு வருஷா வருஷம் கூடுதே, காலம் கெட்டுப்போச்சா?

2021இல் 1,49,404 வழக்குகள், 2022இல் 1,62,449. 8.7 சதவீதம் கூடியிருக்கிறது. கெடுதல் கூடியதாலும் கூடலாம், முன்பு வாய் திறக்காதவர்கள் இப்போது சொல்வதாலும் கூடலாம். போக்சோ வந்ததே 2012 நவம்பரில்தான். வழக்கு கூடுவது சில சமயம் நல்ல செய்தி. வழக்கே இல்லாத ஊரைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

நம் மாவட்டத்துக்கு ரொம்பத் தெரிந்த உதாரணம் குழந்தைத் திருமணம். 2021இல் அந்தச் சட்டத்தின் கீழ் நாடு முழுவதும் பதிவான வழக்குகள் 1,050. ஆனால் 2019–21 குடும்ப நல ஆய்வில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 வயதுக்கு முன்பே கல்யாணமானவர்கள் நாட்டில் 23.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8 சதவீதம். எட்டில் ஒரு பெண். என் வகுப்பில் எட்டாவது முடித்த பிள்ளைகளின் பழைய போட்டோவை எடுத்து எண்ணிப் பார்த்தேன், அதற்குமேல் எழுத மனம் வரவில்லை. ஆயிரம் வழக்கை மட்டும் பார்த்தவர் ‘அதெல்லாம் ஒழிஞ்சிருச்சு’ என்று சொல்லிவிடுவார்.

‘நம்ம மாவட்டத்துல ரெண்டு மடங்கு ஆயிருச்சு’ன்னு செய்தி வந்தா என்ன செய்யணும்?

எதிலிருந்து எதுவரை என்று கேளுங்கள். 3 பேர் 6 ஆனாலும் இரண்டு மடங்கு, 300 பேர் 600 ஆனாலும் இரண்டு மடங்கு. 2011 கணக்கில் தருமபுரி மாவட்ட மக்கள்தொகை 15 லட்சம்தான். இவ்வளவு சின்ன இடத்தில் அபூர்வமான சம்பவங்கள் ஒரு வருடம் ஏறும், ஒரு வருடம் இறங்கும். ஐந்து வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

பத்தாவது ரிசல்ட் வர்றப்ப பயமா இருக்கு. தற்கொலை நெனப்பு நம்ம புள்ளைங்களுக்கும் வருமா?

வரும். 2021, 2022 இரண்டு ஆண்டுகளிலும் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தற்கொலை நாடு முழுவதும் தலா பத்தாயிரத்தைத் தாண்டியது. மேலே சொன்ன சாலைக்கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கொஞ்சம் அதிகமே. சாலையைப் பற்றி எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறோம், இதைப் பற்றி ஒரு கூட்டத்தில்கூடப் பேசியதில்லை. தேர்வுத் தோல்வி ஒரு பங்குதான். வீட்டுச் சண்டை, அவமானம், காதல், நோய் என்று பல இருக்கின்றன.

பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்தால், சாப்பாட்டைத் தள்ளினால், தனக்குப் பிரியமான பொருளைப் பிறருக்குக் கொடுத்தால், ‘சாகணும்னு தோணுதா’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, சொல்ல ஓர் ஆள் கிடைத்ததென்று பிள்ளைக்கு நிம்மதி வரும். மனநல உதவிக்கு 14416, 104 இரண்டு எண்களிலும் தமிழில் பேசலாம். தோட்டத்துப் பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காமல் தனியே பூட்டிவைத்துச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இது தவழும் பிள்ளைக்கும் பாதுகாப்பு.

சாவு மட்டும்தான் ஆபத்தா? எம்புள்ள பல்லெல்லாம் மஞ்சளா இருக்கே?

நன்றாகக் கேட்டீர்கள், இதுவரை நான் சொன்ன எந்த அட்டவணையிலும் அந்தப் பல் வராது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரிலும் ஃப்ளூரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5ஐத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. நிலைப்பல் உருவாகும் எட்டு வயதுக்குள் குடித்த தண்ணீர்தான் பல்லில் கறையாக நிற்கிறது, பல வருடம் தொடர்ந்தால் எலும்பையும் பிடிக்கும். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரையே எடுங்கள், போர்வெல் தண்ணீர் துணி துவைக்க இருக்கட்டும். கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது.

எம்புள்ள கெணத்துல போயி மூணு வருஷம் ஆச்சு. உங்க கணக்குல அவன் எங்க இருக்கான் டீச்சர்?

கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார். ஸ்டேஷனில் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை, போஸ்ட்மார்ட்டம் என்று பிள்ளையை அறுப்பார்கள் என்று பயந்து அன்றைக்கே எடுத்து அடக்கம் செய்துவிட்டோம் என்றார். அப்படியானால் போலீஸ் கணக்கில் அவன் இல்லை. 2022இன் 38,503க்கு அப்பால் இப்படி எத்தனை பிள்ளைகள் என்று அந்த எண் சொல்லாது. விபத்துச் சாவைச் சொன்னால் போலீஸ் செய்ய வேண்டிய விசாரணைக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது, முன்பு 174, இப்போது புதிய சட்டத்தில் 194. அது யாரையும் குற்றவாளியாக்குவதற்கு இல்லை.

கிராம நிர்வாக அலுவலரிடம் இறப்பைப் பதியலாம் என்று சொன்னேன். ஒரு வருடத்துக்கு மேல் தாமதமாகிவிட்டால் அதிகாரியின் உத்தரவு வாங்கிப் பதிய வேண்டும். அந்தக் கிணறு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அப்படியேதான் இருக்கிறது, சுவர் இல்லை, அங்கன்வாடிக்குப் போகும் வழியில் இருக்கிறது என்றார். மே 1 கிராம சபைக்கு மனு எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பையனின் பெயர், வயது, தேதி, கிணற்றின் சர்வே எண், நான்கடி உயரத்தில் கைப்பிடிச் சுவர் வேண்டும் என்ற கோரிக்கை. கீழே ரேகை வைக்கட்டுமா என்றார். கையெழுத்தே போடுங்கள் என்றேன், ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார்.